சோலைமந்தியின் காலக்கணக்கு

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே உயர்ந்து நிற்பது அகத்தியமலைத் தொகுதி. அதன் கிழக்குச் சரிவு அம்பாசமுத்திரம் வட்டாரத்தை நோக்கி இறங்குகிறது. தாமிரபரணியும், அதில் வந்து சேரும் சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு ஆகியவையும் இந்தச் சரிவில்தான் பிறக்கின்றன. 2001இல் அறிவிக்கப்பட்ட அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் இன்று மலையின் தமிழ்நாட்டுப் பக்கத்தையும் கேரளப் பக்கத்தையும் உள்ளடக்கியது. 2016இல் அது யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே 2,254 வகை உயர்தாவரங்கள் பதிவாகியுள்ளன. அவற்றில் ஏறத்தாழ 400 வகைகள் ஓரிட வாழ்விகள், அதாவது வேறெங்கும் இயற்கையாக வளராதவை. இப்படிப்பட்ட உயிரினம் தன் மலையில் அழிந்துவிட்டால் உலகத்திலேயே அழிந்துவிட்டதாகத்தான் பொருள். அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களைப் பற்றிப் பேச இந்தச் சரிவு நல்ல களம்.

ஓர் உயிரினம் ஆபத்தில் இருக்கிறதா என்பதை முடிவு செய்யப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1964 முதல் செம்பட்டியல் ஒன்றைப் பராமரித்து வருகிறது. எண்ணிக்கை எவ்வளவு வேகமாகக் குறைகிறது, வாழிடத்தின் பரப்பு எவ்வளவு, அது எத்தனை துண்டுகளாகச் சிதறியிருக்கிறது, இனப்பெருக்க வயதில் எத்தனை உயிர்கள் எஞ்சியுள்ளன என்று பல அளவுகோல்கள் அதற்கு உண்டு. அவற்றில் ஓர் அளவுகோலின்படி, வளர்ந்த உயிர்கள் 2,500க்குக் கீழே இருந்து, அதுவும் தொடர்ந்து குறைந்துவந்தால் அந்த இனம் 'அருகிய இனம்' ஆகிறது. 250க்குக் கீழே போனால் 'மிக அருகிய இனம்'. எண்ணிக்கை மட்டும் பார்த்தால் நிலைமை சில நேரம் விளங்காது. பல நூறு விலங்குகள் ஒரே காட்டில் தொடர்ந்து வாழ்வது ஒன்று. அதே பல நூறும் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே பத்துப் பத்தாகச் சிதறிக் கிடப்பது முற்றிலும் வேறு.

இந்த வேறுபாட்டை மிகத் தெளிவாகக் காட்டும் விலங்கு சோலைமந்தி. சிங்கவால் குரங்கு என்ற பெயரிலும் இது அறியப்படுகிறது. கரிய உடல், முகத்தைச் சுற்றி வெளிர்சாம்பல் பிடரி, நுனியில் சிறு குஞ்சத்துடன் வால். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளைத் தவிர இது உலகில் வேறெங்கும் இல்லை. வாழ்நாளின் பெரும்பகுதியை மர உச்சிகளிலேயே கழிக்கிறது. காட்டின் மேற்கவிகை தொடர்ந்திருந்தால்தான் இரை தேட முடியும். இறைச்சிக்காகவும், மருந்து என்ற தவறான நம்பிக்கையாலும் முன்பு வேட்டையாடப்பட்டது. விலங்குக்காட்சி வணிகத்துக்காகவும் பிடிக்கப்பட்டது. 1960களின் இறுதியில் மொத்தமாக ஆயிரத்துக்கும் குறைவான சோலைமந்திகளே எஞ்சியிருக்கின்றன என்ற மதிப்பீடு வெளிவந்தபோது அறிவியல் உலகம் கவலை கொண்டது. 1970களின் முற்பகுதியில் ஸ்டீவன் கிரீன், கேரன் மின்கோவ்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் இந்தத் தென்மலைகளில் தங்கி அதைப் பற்றி ஆய்வு நடத்தினார்கள். பிற்காலக் கணக்கெடுப்புகள் காட்டும் எண்ணிக்கை சில ஆயிரம். முன்பு யாரும் கணக்கெடுக்காத கர்நாடகக் காடுகளில் புதிய கூட்டங்கள் கண்டறியப்பட்டதும் இந்த உயர்வுக்கு ஒரு காரணம். ஆகவே, மந்திகள் பெருகிவிட்டன என்று அந்த எண்களை வாசிக்கக் கூடாது.

அப்படிப் பெருகுவது இந்த விலங்குக்கு எளிதும் அல்ல. காட்டில் ஒரு பெண்மந்தி முதல் குட்டியை ஈன ஆறு வயதுக்கு மேல் ஆகிறது. அதன் பிறகு, ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் நடுவே ஏறத்தாழ மூன்றாண்டு இடைவெளி. ஒரு கூட்டத்தில் ஆறு தாய்மந்திகள் இருந்தால் ஓராண்டில் பிறப்பவை இரண்டு குட்டிகள்தாம். அவற்றிலும் எல்லாமே பிழைப்பதில்லை. சாலையில் வண்டி மோதியோ மின்கம்பி தீண்டியோ ஒரு தாய் இறந்தால், அந்த இழப்பை ஈடுகட்டக் கூட்டத்துக்குப் பல ஆண்டுகள் தேவைப்படுகின்றன. வெள்ளெலிக்கும் மந்திக்கும் ஒரே வகையான பாதுகாப்புத் திட்டம் தீட்ட முடியாததற்கு இதுவே காரணம். மெதுவாக இனம்பெருக்கும் உயிரை மீட்கும் வேலையில் முதலில் கணக்கிட வேண்டியது காலம். நிதியும் வேலியும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. ஐந்தாண்டுத் திட்டம் ஒன்று தொடங்கி முடிவதற்குள் ஒரு மந்திக்குட்டி தாயாகக்கூட ஆகியிருக்காது.

மந்தியின் காலம் மரத்தின் காலத்தோடு பிணைந்திருக்கிறது. இந்தச் சரிவில் உள்ள மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே, 1,200 மீட்டருக்கும் அதிக உயரத்தில் காக்காச்சிக் காடு இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே இங்கே கொட்டுகின்றன. வெடிப்பலா, நாங்கு, பாலி என்ற மூன்று மரங்களும் ஓங்கி நிற்கும் காடு இது. 1990களின் தொடக்கத்திலிருந்து டி. கணேஷ், சௌபத்ரா தேவி ஆகிய சூழலியலாளர்கள் இந்தக் காட்டின் மேற்கவிகையை மரம் ஏறி ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். எந்த மரம் எப்போது பூக்கிறது, எந்த விலங்கு வருகிறது, எது எதை உண்கிறது என்று ஆண்டுக்கணக்கில் குறித்து வைத்த உழைப்பு அது. வெடிப்பலா கோடைக்கு முன்னும் கோடையின் தொடக்கத்திலும் பூக்கிறது. காட்டில் வேறு பழம் அதிகம் கிடைக்காத பருவம் அது. பூக்கள் கிளைகளின் மீதே கொத்துக் கொத்தாக அப்பிக்கொண்டிருக்கும். இதழ் இல்லை, சதைப்பற்றுள்ள புல்லிவட்டம்தான் உண்டு. சோலைமந்தி, கருமந்தி, மலையணில், பறக்கும் அணில், வௌவால் என்று பல பாலூட்டிகள் அந்தப் பூவைத் தேடி வருகின்றன. தின்றதுபோக மிஞ்சும் பூக்களுக்கு மகரந்தம் கொண்டுபோவதும் இந்த விருந்தாளிகளே. பிறகு முள்நிறைந்த காய் வருகிறது. அது முற்றி வெடிப்பதற்கு முன்பே மந்தி பிளந்து விதையைத் தின்கிறது.

ஆண்டின் பஞ்ச மாதங்களைக் கடக்க மந்திக்கு வெடிப்பலா வேண்டும் என்றால், மந்தியைக் காப்பது என்பது வெடிப்பலாவைக் காப்பதாகிறது. அந்த மரம் நிழலில் முளைத்து மெல்ல வளர்வது. அதன் விதையை உலர்த்திச் சேமித்து வைக்கவும் முடியாது. நெல்லைப்போல் குதிருக்குள் போட்டு அடுத்த பருவத்துக்கு எடுக்கும் வழக்கம் மழைக்காட்டு மரங்கள் பலவற்றுக்குப் பொருந்தாது. ஈரம் காய்ந்தால் முளைப்புத்திறன் போய்விடும். விதை வங்கி என்ற நவீன ஏற்பாடு இந்தக் காட்டுக்குப் பெரிதாகக் கைகொடுக்காது என்பதால், நின்றுகொண்டிருக்கும் காடே இந்த மரங்களின் விதைச் சேமிப்பாக இருக்கிறது.

நிற்கும் காட்டைக் காக்கும் சட்டநடவடிக்கைகள் இந்தச் சரிவில் படிப்படியாக வந்தன. 1962இல் முண்டந்துறை புலிகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. சோலைமந்தி அதன் முதல் அட்டவணையில் இடம்பெற்றது. கிரீன், மின்கோவ்ஸ்கி ஆய்வுக் காலத்தை ஒட்டி, 1976இல் களக்காடு சரணாலயம் சோலைமந்திக்கென்றே அமைக்கப்பட்டது. இரண்டும் இணைந்து 1988இல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் உருவானது. நாட்டில் அது பதினேழாவது, தமிழ்நாட்டில் முதலாவது. பின்னர் கன்னியாகுமரி மாவட்டக் காடுகளின் ஒரு பகுதியும் சேர்க்கப்பட்டு, பரப்பு ஏறத்தாழ 895 சதுர கிலோமீட்டர் ஆனது. புலியின் பெயரால் வந்த பாதுகாப்பு புலியைவிட அதிகமாக மந்திக்கும், ஆற்றுக்கும், பெயர் தெரியாத ஆயிரம் செடிகளுக்கும் பயன்பட்டிருக்கிறது. இந்த மலையில் புலிகள் எப்போதுமே அடர்த்தியாக இருந்ததில்லை. அதை வைத்துக் காப்பகத்தின் மதிப்பைக் குறைத்துப் பேசுவது சரியல்ல.

அறிவிப்பு வெளியானதும் கோடரி ஓய்ந்துவிடவில்லை. காட்டின் கிழக்கு எல்லை நெடுக ஊர்கள் இருக்கின்றன. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, களக்காடு பகுதிகளின் அடிவாரச் சிற்றூர்களில் விறகுதான் அடுப்பெரித்தது. தலைச்சுமை விறகு விற்றுத்தான் பல குடும்பங்களில் அரிசி வாங்கினார்கள். அதிகாலையில் பெண்கள் கூட்டமாக மலையேறி மதியத்துக்குள் சுமையோடு இறங்குவார்கள். ஆடுமாடுகளும் காட்டுக்குள் மேய்ந்தன. அடிவாரக் காடு ஆண்டுதோறும் மெலிந்து, கோடையில் தீயும் பரவியது. 1990களின் நடுவில் இங்கே சூழல் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. ஊர்தோறும் கிராம வனக்குழுக்கள் அமைக்கப்பட்டன. சுழல்நிதியிலிருந்து கறவை மாட்டுக்கும், சிறுகடைக்கும், தையல் எந்திரத்துக்கும் கடன் தந்தார்கள். சாண எரிவாயுக் கலனும், விறகு குறைவாகக் குடிக்கும் அடுப்பும் வீடுகளுக்கு வந்தன. கடனைத் திருப்பிக் கட்டும் பொறுப்பு குழுவிடமே இருந்ததால், விறகுக்குப் போவதைக் குறைப்பது ஊரே எடுத்துக்கொண்ட முடிவாயிற்று. விறகுச் சுமைகள் குறைந்தன. அடிவாரத்தில் இலையுதிர்காடு மீண்டும் தழைத்த இடங்களை இன்றும் காணலாம். வனக்காவலரை மட்டும் பெருக்கி இந்த மாற்றத்தைக் கொண்டுவந்திருக்க முடியாது. சோறு பொங்க மாற்று வழி கிடைத்த பிறகே காடு மூச்சுவிட்டது.

காட்டுக்குள்ளேயே வாழும் காணிக்காரர் குடிகளையும் இங்கே சொல்ல வேண்டும். காரையாறு, சேர்வலாறு, மயிலாறு, இஞ்சிக்குழி ஆகிய இடங்களில் அவர்களுடைய குடியிருப்புகள் உள்ளன. தேனும் கிழங்கும் மருந்துச்செடியும் எந்தப் பருவத்தில் எவ்வளவு எடுத்தால் அடுத்த ஆண்டும் கிடைக்கும் என்ற அறிவு அவர்களிடம் தலைமுறைகளாக இருக்கிறது. இதே மலையின் கேரளப் பக்கத்தில், காணிக்காரர் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சை என்ற செடியிலிருந்து 1990களில் 'ஜீவனி' என்ற மருந்து செய்யப்பட்டது. வருவாயில் ஒரு பங்கு அந்தச் சமூகத்துக்கும் தரப்பட்டது. உலகில் அப்படி நடந்த தொடக்ககால எடுத்துக்காட்டுகளில் அது ஒன்று.

பாதுகாக்கப்பட்ட காடாக இருந்தாலும் அகத்தியமலை தனித்து நிற்கிறது. வடக்கே செங்கோட்டைக் கணவாயில் சாலை, ரயில் பாதை, ஊர், தோட்டம் எல்லாம் நிறைந்துவிட்டன. கணவாய்க்கு வடக்கே உள்ள பெரியாறு காடுகளின் மந்திகளும் இந்தப் பக்கத்து மந்திகளும் கலப்பதில்லை. ஒரு சிறிய கூட்டம் தலைமுறை தலைமுறையாகத் தனக்குள்ளேயே இனம்பெருக்கினால், மரபணு வகைமை சுருங்குகிறது. மறைந்திருந்த குறைபாடுகள் குட்டிகளில் வெளிப்படத் தொடங்குகின்றன. தற்செயலும் பெரிய அபாயம் ஆகிறது. தொடர்ந்து பிறப்பவை எல்லாம் ஆணாகவே அமைந்தாலோ ஒரு நோய் புகுந்தாலோ சிறிய கூட்டம் எழுந்திருக்க முடியாது. மலையுச்சிப் புல்வெளிகளில் இருக்கும் வரையாட்டுக்கும் இதே சிக்கல் உண்டு. களக்காடு முண்டந்துறையில் அது சிறு மந்தைகளாக, உயர்ந்த பாறைமுகடுகளில் ஒன்றையொன்று எட்டாமல் வாழ்கிறது. மாநில விலங்கான அதற்குத் தமிழ்நாடு அரசு 2022இல் ₹25.14 கோடியில் தனித்திட்டம் அறிவித்தது. ஒருங்கிணைந்த கணக்கெடுப்பும், முன்பு வாழ்ந்த முகடுகளில் மீண்டும் கொண்டுபோய் விடுவதும் அதன் பகுதிகள்.

கூண்டில் வளர்த்துக் காட்டில் விட்டால் என்ன என்ற கேள்வி இயல்பாக எழும். வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் சோலைமந்திகள் இனம்பெருக்கப்படுகின்றன. காட்டில் பேரழிவு நேர்ந்தால் இனம் முற்றிலும் அறுந்துபோகாமல் இருக்க அது ஒரு காப்பு. ஆனால், எந்தக் காய் எப்போது பழுக்கும், கழுகு வந்தால் எங்கே ஒளிவது என்பதைத் தாயிடமும் கூட்டத்திடமும் கற்றுவந்த குரங்கின் இடத்தைக் கூண்டில் பிறந்த குரங்கு உடனே நிரப்பிவிடாது. பிரேசிலின் பொன்சிங்கத் தாமரின் குரங்கு இதற்குப் பொருத்தமான பாடம். 1970களில் காட்டில் சுமார் 200 மட்டுமே எஞ்சியிருந்தன. உலகப் பூங்காக்களில் பிறந்த குரங்குகளை 1984 முதல் காட்டில் விட்டார்கள். தொடக்கத்தில் இறப்பு மிகுதி. காட்டில் பிறந்த அடுத்த தலைமுறைதான் வேரூன்றியது. அதோடு, துண்டுபட்ட காடுகளுக்கு நடுவே மரம் நட்டு வழி அமைத்தார்கள்; நெடுஞ்சாலைக்கு மேலே மண்பரப்பி மரம் வளர்த்த பாலம் ஒன்றும் கட்டினார்கள். 2016க்குப் பிறகு மஞ்சள் காய்ச்சல் பரவி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குரங்குகள் மடிந்தன. இருந்தும் 2023 கணக்கெடுப்பில் எண்ணிக்கை சுமார் 4,800. காடுகள் இணைந்திருந்தது அந்த அடியிலிருந்து எழ உதவியது. தமிழ்நாட்டில் வால்பாறையில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சாலையைக் கடக்கும் சோலைமந்திகளுக்காகப் பழைய தீயணைப்புக் குழாய்களைப் பின்னிக் கட்டிய தொங்குபாலங்களும் இதே சிந்தனையில் வந்தவை.

தாவரங்கள் ஓடி ஒளிய முடியாதவை. அவற்றின் அழிவு ஓசையின்றி நடக்கிறது. அகத்தியமலையின் உச்சிப் பாறைகளில் மட்டும் வளரும் மஞ்சள்நிறச் செருப்புப்பூ ஆர்க்கிட் ஒன்று உண்டு. தீபகற்ப இந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே செருப்புப்பூ ஆர்க்கிட் அதுதான். 1865இல் கர்னல் ட்ரூரி என்பவர் அதைக் கண்டெடுத்தார். அவர் பெயரே அறிவியல் பெயரிலும் ஒட்டிக்கொண்டது. பிறகு நெடுங்காலம் யார் கண்ணிலும் படவில்லை. 1972இல் மீண்டும் கண்டறியப்பட்டதே அதற்குக் கேடாயிற்று. இடம் தெரிந்ததும் சேகரிப்பாளர்கள் கிழங்கோடு பெயர்த்துச் சென்றார்கள். ஆர்க்கிட் விதை தூசியளவே இருக்கும். உள்ளே உணவுச் சேமிப்பு கிடையாது. மண்ணில் ஒரு குறிப்பிட்ட பூஞ்சை துணைக்கு வந்தால்தான் முளைக்கும். லட்சக்கணக்கில் விதை சிதறினாலும் செடியாவது அரிது என்பதால், பறிக்கப்படும் ஒவ்வொரு செடியும் பெரிய இழப்பு. 1991இல் காட்டுயிர்ச் சட்டம் திருத்தப்பட்டபோது முதன்முறையாகத் தாவரங்களுக்கும் தனி அட்டவணை வந்தது. அதில் இருந்தவை ஆறே பதிவுகள். செருப்புப்பூ ஆர்க்கிட்கள் அவற்றில் ஒன்று. திருவனந்தபுரம் அருகே பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவில் அதன் விதைகளை ஆய்வகக் குடுவையில் முளைக்கவைத்து, வளர்ந்த செடிகளை மலையில் திரும்ப நட்டார்கள். செடியை உருவாக்குவது ஆய்வகத்தில் முடிகிற வேலை. நட்ட இடத்தை யாரிடமும் சொல்லாமல் காப்பது அதைவிடக் கடினம்.

மலையடிவாரத்து ஊரான சிங்கம்பட்டியின் பெயரைத் தன் அறிவியல் பெயரில் தாங்கி நிற்கும் சிறுமரம் ஒன்றும் இந்தச் சரிவில் இருக்கிறது. நாவல் குடும்பத்தைச் சேர்ந்தது. பெடோம் என்ற தாவரவியலாளர் 19ஆம் நூற்றாண்டில் விவரித்தது. செம்பட்டியலில் மிக அருகிய இனம். புலிக்கும் யானைக்கும் கிடைக்கும் கவனத்தில் நூறில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைத்ததில்லை. அம்பாசமுத்திரம் பகுதிப் பள்ளிகளில் இப்படி ஒரு மரம் தங்கள் மலையில் இருப்பதைச் சொல்லித்தருவது கடினமான காரியம் அல்ல.

மலையை விட்டு இறங்கினால், ஆற்றோரத்தில் இன்னொரு வகைப் பாதுகாப்பு இருக்கிறது. கடனாநதி தாமிரபரணியோடு சேரும் திருப்புடைமருதூரில் நாறும்பூநாதர் கோயிலைச் சுற்றியுள்ள மருதமரங்களிலும் மற்ற பெருமரங்களிலும் கொக்கு, வக்கா, நாரை ஆகியவை கூடு கட்டுகின்றன. ஊரார் அவற்றைத் தங்கள் பறவைகளாகவே கருதிக் காத்து வந்தார்கள். காட்டுயிர்ச் சட்டத்தின் 2002 திருத்தம் 'பாதுகாப்பு இருப்பு' என்ற புதிய வகையை உருவாக்கியது. மக்களைக் கலந்துகொண்டு, அவர்களின் வாழ்க்கையைக் குலைக்காமல், அரசு நிலங்களை உயிரினங்களுக்காக ஒதுக்குவது அதன் நோக்கம். ஊராரின் விருப்பத்தோடு 2005 பிப்ரவரி 14 அன்று இங்குள்ள 2.84 ஹெக்டேர் நிலம் அப்படி அறிவிக்கப்பட்டது. இந்தியாவிலேயே முதல் பாதுகாப்பு இருப்பு அது. 895 சதுர கிலோமீட்டருக்கு முன் ஏழு ஏக்கர் பெரிதாகத் தோன்றாது. ஆனால் கூடு கட்டும் பறவைக்கு வேண்டியது சில பெருமரங்களும், கல்லெறியாத கைகளும், சுற்றிலும் நீர் நிறைந்த குளங்களும்தான். அந்தக் குளங்களின் நிலையறிய, மணிமுத்தாற்றில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் 2011 முதல் தன்னார்வலர்களோடு சேர்ந்து ஆண்டுதோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்தி வருகிறது. தொடர்ச்சியாக எடுத்த கணக்குதான் ஒரு நல்ல மழையாண்டின் பெருக்கத்தையும் உண்மையான மீட்சியையும் பிரித்துக் காட்டும்.

இனி வரவிருக்கும் பெரிய பணி மலைமேல் காத்திருக்கிறது. சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் ஏறத்தாழ 8,373 ஏக்கர் காட்டைப் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. புலிகள் காப்பகத்தின் நடுவே அவை தீவுபோல் அமைந்து, மழைக்காட்டின் தொடர்ச்சியை அறுத்தன. குத்தகை 2028இல் முடிகிறது. 2024இலேயே நிறுவனம் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு அளித்து வேலையை நிறுத்தியது. தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்த குடும்பங்கள் மலையை விட்டு இறங்க நேர்ந்தது. அவர்களுக்கு வீடும் பிழைப்பும் முறையாக அமைத்துத் தருவது காட்டை மீட்பதற்கு இணையான கடமை. அகத்தியமலைப் பகுதி முழுவதையும் ஆய்வு செய்யும்படி 2025இல் உச்ச நீதிமன்றம் தன் மத்திய அதிகாரக் குழுவைப் பணித்தது. ஒரு தோட்டத்தைப் பற்றிய வழக்கிலிருந்து கிளைத்த அந்த உத்தரவு மலைத்தொகுதி முழுவதையும் ஒரே உடலாகப் பார்க்கிறது.

தேயிலையைக் கைவிட்டால் காடு தானாக வந்துவிடும் என்று இருக்க முடியாது. வெட்டாமல் விட்ட தேயிலைச் செடி மரமாக உயர்ந்து தரையை நிழலால் மூடிவிடும். அடுப்புக்கும் ஆலைக்கும் நட்ட யூக்கலிப்டஸ் மரங்களும், நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்களும் நின்றுகொண்டிருக்கும். பறவைகளும் மரநாய்களும் சிறுபழ விதைகளைக் கொண்டுவந்து போடும். வெடிப்பலாவின் கனத்த விதையோ தாய்மரத்தை விட்டு வெகுதூரம் போவதில்லை. அதை மனிதர்தான் கொண்டுபோய் நட வேண்டும். வால்பாறையில் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை 2000களின் தொடக்கத்திலிருந்து செய்துவரும் மறுசீரமைப்பு இதற்கு வழிகாட்டுகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட உள்நாட்டு மரவகைகளை நாற்றங்காலில் வளர்த்து, சிதைந்த காட்டுத்துண்டுகளில் கலந்து நட்டு வருகிறார்கள். மாஞ்சோலையில் விதை எடுக்கக் காக்காச்சிக் காடு பக்கத்திலேயே இருப்பது பெரும் வசதி. எந்தப் பாத்தியில் மண் ஆழம், எந்த ஓடை கோடையிலும் வற்றாது, யானை எந்த வழியாக இறங்கும் என்பது அங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரியும்; விரும்புகிறவர்களுக்கு நாற்றங்கால் வேலையும் நடவு வேலையும் கிடைத்தால் இருதரப்புக்கும் நல்லது. முதலில் நட வேண்டியவை, இரண்டு காட்டுப்பகுதிகள் மிக நெருங்கிவரும் தேயிலைச் சரிவுகள். அங்கே கிளையும் கிளையும் தொட்டால்தான் மந்திக்கூட்டம் தரையிறங்காமல் கடக்கும். நட்ட கன்றுகளுக்கு முதல் சில ஆண்டுகள் களையெடுப்பும், அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு மரங்களையும் மந்திகளையும் சேர்த்தே கணக்கெடுப்பதும் தேவை. அதற்கான நிதியும் ஆட்களும் ஒரு திட்டக்காலத்தோடு நின்றுவிடாதபடி இப்போதே ஏற்பாடு செய்யப்பட வேண்டும்.